“நிதியோடு வாருங்கள்” என்கிறார் ஜெர்மன் பேராசிரியர்: போகலாமா?

கேள்வி: திருச்சியில் எம்.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் முடித்திருக்கிறேன். சிஜிபிஏ 8.1. கடைசி செமஸ்டரில் ஆறு மாதம் கல்லீரல் புற்றுநோய் செல்களை வைத்து புராஜெக்ட் செய்தேன். ஜெர்மனியில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்பது ஆசை. நிறையப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. ஒரே ஒருவர் மட்டும், “சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் நிதியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்” என்று எழுதியிருக்கிறார். கடன் வாங்கி பிளாக்டு அக்கவுன்ட்டில் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. இதற்கிடையே ஒரு கன்சல்டன்சி, இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று லட்சம் கேட்கிறது. என்ன செய்வது? ஐஇஎல்டிஎஸ், ஜிஆர்இ, ஜெர்மன் மொழி எல்லாம் வேண்டுமா?

பதில்: முதலில், கடன் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கன்சல்டன்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

பிளாக்டு அக்கவுன்ட் என்பது விசாவுக்கு நிதிச் சான்றாக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே வங்கியில் போட்டு, அங்கே போனபின் மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் கணக்கு. பெரும்பாலும் மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. இப்போதைய கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. உயிரியல் துறையில் ஒரு பிஎச்.டி. முடிய மூன்றரை, நான்கு ஆண்டுகள் சாதாரணமாக ஆகிவிடும். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 47,600 யூரோ. அவ்வளவு கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அதே ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற அதே வேலையை நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். ஜெர்மனியில் பயோமெடிக்கல் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பிடித்தமும் உண்டு. நீங்கள் தேட வேண்டியது அந்த வேலையை. ‘அட்மிஷன்’ அதன் பின்னால் வருகிற அலுவலகச் சடங்கு.

சம்பளத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல்கலைக்கழக ஊழியர்களுக்கு ‘டிவி-எல்’ என்ற ஊதிய ஒப்பந்தம் இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் அதில் இ13 என்ற நிலையில் வருவார்கள். 2025 பிப்ரவரி அட்டவணைப்படி இ13 முதல் படியின் முழுச் சம்பளம் மாதம் சுமார் 4,630 யூரோ. பயோமெடிக்கல் துறையில் வழக்கமாகத் தருவது இதில் 65 சதவீதம்: சுமார் 3,010 யூரோ. தனி ஆளுக்கு வரியும் காப்பீடும் போகக் கையில் 2,000 யூரோ அளவுக்கு நிற்கும். சில ஆய்வகங்கள் 50 சதவீதம் தருவார்கள். விளம்பரத்தில் ‘இ13, 65%’ என்று பார்த்தால் வாரத்தில் மூன்று நாள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்க லேபில்தான் இருப்பீர்கள், மிச்ச நேரம் உங்கள் சொந்த ஆய்வேட்டுக்கானது என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. ஊர் முக்கியம். கோட்டிங்கன், வூர்ட்ஸ்பர்க், யேனா போன்ற ஊர்களில் 2,000 யூரோவில் நிம்மதியாக இருக்கலாம். முனிச்சில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ போய்விடும்.

வேலை ஒப்பந்தம் இல்லாமல் ஸ்டைபண்டு, அதாவது உதவித்தொகை, என்று தந்தால் நிறையக் கேள்வி கேளுங்கள். ஸ்டைபண்டில் வரி பிடிப்பதில்லை என்பதால் தொகை நன்றாகத் தெரியும். ஆனால் பல இடங்களில் மருத்துவக் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டும், ஓய்வூதியக் கணக்கு ஓடாது, ஆய்வு முடிந்து வேலை தேடும் மாதங்களில் வேலையிழப்பு உதவித்தொகையும் கிடைக்காது. ஜெர்மனியின் முக்கிய ஆய்வு அமைப்பான மாக்ஸ் பிளாங்க்கின் நிறுவனங்களே 2015இல் ஸ்டைபண்டிலிருந்து ஒப்பந்த முறைக்கு மாறிவிட்டன. ஒப்பந்தமா ஸ்டைபண்டா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பந்தத்தை எடுங்கள்.

இனி அந்தப் பேராசிரியரின் கடிதம். “நிதியோடு வாருங்கள்” என்றால் “என்னிடம் இப்போது போஸ்ட் இல்லை” என்று பொருள். அவர் உங்களை ஏமாற்றவில்லை, நேர்மையாகவே சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதம் ஒரு விஷயத்துக்குப் பயன்படும். டாட் என்று எல்லோரும் சொல்லும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் முனைவர் பட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ஜெர்மனியில் ஒரு மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்ட கடிதம் தேவை. கடைசிப் பட்டம் முடித்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அதன் விதி. உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. இந்த உதவித்தொகை காப்பீட்டையும் பயணச் செலவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்பதால், ஸ்டைபண்டுகளில் இதை மட்டும் விதிவிலக்காகக் கொள்ளலாம். அவருக்கு இரண்டே கேள்வி எழுதுங்கள்: டாட் விண்ணப்பத்துக்கு ஆய்வுத் திட்டத்தை என்னோடு சேர்ந்து எழுத நேரம் ஒதுக்குவீர்களா? அடுத்த ஓராண்டில் உங்கள் குழுவில் சம்பளத்தோடு இடம் வர வாய்ப்புண்டா? பதிலின் வேகத்திலேயே அவர் எப்படிப்பட்ட கைடாக இருப்பார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். “ஆறு மாதம் சம்பளமில்லாமல் வந்து லேபில் இருங்கள், பிறகு பார்க்கலாம்” என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விசாவும் காப்பீடும் சிக்கலாகும். அந்தப் ‘பிறகு’ வராமலே போகவும் கூடும்.

ஜெர்மனியில் உள்ளே போக இரண்டு வழிகள். ஒன்று, தனி ஆய்வகத்தில் அறிவிக்கப்படும் இடம். மற்றொன்று, பட்டதாரி ஆய்வுப் பள்ளிகள். இரண்டாவதில் தேர்வு முறை சீரானது. நேர்காணல் வைத்து, பல ஆய்வகங்களை நேரில் காட்டி, இருபக்கமும் பிடித்துப்போனால் சேர்க்கிறார்கள். உங்கள் துறைக்கு நேராகப் பொருந்துபவை: ஹைடல்பர்கில் ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தின் சர்வதேச பிஎச்.டி. திட்டம், ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் ஆய்வுப் பள்ளி, வூர்ட்ஸ்பர்கின் உயிர் அறிவியல் பட்டதாரிப் பள்ளி, கோட்டிங்கனின் ஜிஜிஎன்பி என்ற பட்டதாரிப் பள்ளி, மைன்ஸில் மூலக்கூறு உயிரியல் நிறுவனம் நடத்தும் திட்டம், ஃப்ரைபர்கின் ஸ்பேமன் பள்ளி. உங்கள் கல்லீரல் செல் வேலைக்கு முதலில் ஹைடல்பர்கையும் ஹனோவரையும் பாருங்கள். புற்றுநோய் மையம் ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. ஒரு தடவை கிடைக்கவில்லை என்றால் ஆறு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு.

தனி ஆய்வகங்களைத் தேடுவதில்தான் நம்மவர்கள் நேரத்தைத் தொலைக்கிறார்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பேராசிரியர் பட்டியலைத் திறந்து, மேலிருந்து கீழே எல்லோருக்கும் ஒரே மெயில். பணம் எங்கே புதிதாக வந்திருக்கிறதோ அங்கேதான் இடம் இருக்கும். டிஎஃப்ஜி என்கிற ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை தான் நிதி கொடுக்கும் திட்டங்களையெல்லாம் ‘கெப்ரிஸ்’ என்ற தரவுத்தளத்தில் போட்டுவைத்திருக்கிறது. அதில் உங்கள் தலைப்பைத் தட்டி, இந்த ஆண்டு அல்லது போன ஆண்டு தொடங்கிய திட்டங்களை மட்டும் எடுங்கள். பெரிய கூட்டு ஆய்வு மையங்களுக்கான முடிவை டிஎஃப்ஜி ஆண்டுதோறும் மே மாதத்திலும் நவம்பரிலும் அறிவிக்கும். ஒரு மையத்துக்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுத் தவணையாக, அதிகபட்சம் 12 ஆண்டுகள் நிதி கிடைக்கும். புதுத் தவணை தொடங்கினால் ஒரே ஊரில் பல பிஎச்.டி. இடங்கள் ஒன்றாகத் திறக்கும். அந்த அறிவிப்பு வந்த சில வாரங்களுக்குள் எழுதும் மெயிலுக்கும், வருஷக் கடைசியில் பொத்தாம்பொதுவாக எழுதும் மெயிலுக்கும் கிடைக்கிற பதில் வேறு. டாட் நடத்தும் ‘பிஎச்டி ஜெர்மனி’, ஐரோப்பிய ‘யூராக்ஸஸ்’, ‘அகாடமிக்ஸ்’ ஆகிய தளங்களையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

பதில் வராததற்கு இன்னொரு காரணம் மெயிலிலேயே இருக்கிறது. “உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது, நான் கடின உழைப்பாளி” என்ற வரியை அவர்கள் தினமும் படிக்கிறார்கள். அதற்குப் பதிலாக, கையால் செய்த வேலையைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு இப்படி: “ஹெப்-ஜி2 செல்களுக்கு டிஜிஎஃப்-பீட்டா கொடுத்து ஈ-கேட்ஹெரின் அளவைப் பார்த்தேன். தனித்தனியாக மூன்று முறை செய்ததில் வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் குறைந்தது. கியூபிசிஆரில் எம்ஆர்என்ஏ குறையவில்லை. புரதம் சிதைவது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதைச் சோதிக்க நேரம் கிடைக்கவில்லை.” நான்கு வரிதான். படிப்பவருக்கு உங்களுக்கு எது தெரியும், முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது எப்படி யோசிப்பீர்கள், தெரியாததை மறைப்பீர்களா என்பதெல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். உங்கள் புராஜெக்ட்டில் நிஜமாக என்ன வந்ததோ அதை எழுதுங்கள். நேர்காணலில் அதைத்தான் துருவுவார்கள். மொத்த மெயிலும் 200 வார்த்தைக்குள் முடியட்டும். சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், பரிந்துரைப்பவர் இருவரின் தொடர்பு விவரம் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள். ‘டியர் சார்’ வேண்டாம். அந்த ஆய்வுக் குழுவின் தலைவர் பெண்ணாக இருந்தால் அதோடு மெயில் குப்பைக்குப் போய்விடும். பெயரைப் போட்டு, முன்னால் ‘புரொபசர்’ அல்லது ‘டாக்டர்’ போடுங்கள்.

உங்கள் 8.1 அங்கே எப்படி வாசிக்கப்படும்? ஜெர்மனியில் 1 சிறந்த மதிப்பெண், 4 தேர்ச்சியின் எல்லை. மாற்றிய பவேரிய சூத்திரம் என்ற ஒன்றை வைத்துக் கணக்கிடுகிறார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 1.9ஐ 5ஆல் வகுத்தால் 0.38, மூன்றால் பெருக்கினால் 1.14, ஒன்று கூட்டினால் 2.14. இது ‘நன்று’ என்ற வகை. பல இடங்கள் 2.5 அல்லது அதைவிடச் சிறப்பாக எதிர்பார்க்கும், ஆகவே நீங்கள் உள்ளே வருகிறீர்கள். இதில் ஒரு சின்ன இடறல்: தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று மார்க் ஷீட்டில் அச்சாகியிருக்காவிட்டால், கணக்கிடுபவர் வேறு எண்ணை எடுத்துக்கொள்ளக்கூடும். தேர்ச்சி 4 என்று எடுத்தால் உங்கள் 2.14 என்பது 1.95 ஆகிவிடும். அது லாபம்போலத் தெரிந்தாலும், பிறகு ஆவணத்தோடு ஒத்துப்போகாமல் விளக்கம் கேட்பார்கள். தர அளவுகோல் அச்சிட்ட பக்கத்தைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முத்திரையோடு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களை ஜெர்மனி எப்படி மதிப்பிடுகிறது என்று காட்டும் ‘அனாபின்’ தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடி, அங்கீகரிக்கப்பட்டது என்று பொருள்படும் எச்-பிளஸ் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலோர் கேட்காமல் விட்டு, பின்னால் தவிக்கிற விஷயம் ஒன்று உண்டு: பட்டத்தை யார் கொடுப்பார்? மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற, பல்கலைக்கழகம் அல்லாத ஆய்வு நிறுவனங்களில் ஆய்வு செய்யலாம். பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. உங்கள் ஆய்வக இளம் குழுத் தலைவருக்கு முதல் மதிப்பீட்டாளராக இருக்கும் உரிமை இல்லாமல் போகலாம். அப்போது பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவமனை ஆய்வகங்களில் இன்னும் கவனம் வேண்டும். மருத்துவம் படிக்காதவர்களுக்கு மருத்துவப் பீடங்கள் தரும் பட்டங்கள் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் பிஎச்.டி., சில இடங்களில் ‘டாக்டர் ரேர். நாட்.’ என்கிற இயற்கை அறிவியல் முனைவர் பட்டம், முனிச்சிலும் உல்மிலும் ‘டாக்டர் ரேர். பயோல். ஹூம்.’, பெர்லினின் ஷாரிட்டே பல்கலைக்கழக மருத்துவமனையில் ‘டாக்டர் ரேர். மெடிக்.’ எல்லாமே முறையான முனைவர் பட்டங்கள்தான். ஆனால் நாளைக்கு இந்தியாவில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விளக்கம் சொல்ல அவசியமே வராத பட்டம் பிஎச்.டி.யும் ரேர். நாட்.டும். உயிரியல் பீடத்தில் பதிய முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். வேலைக்கு எடுப்பது ஆய்வகம். முனைவர் பட்ட மாணவராக ஏற்பது பீடத்தின் குழு. அந்தக் குழு இந்தியப் பட்டத்தைச் சரிபார்த்து, சில நேரம் கூடுதல் பாடம் எழுதச் சொல்லும். லேபில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு கழித்து இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. முதல் மூன்று மாதத்துக்குள் ஏற்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆய்வுத் தலைப்பு. பயோமெடிக்கல் பிஎச்.டி.கள் தாமதமாவதற்கு மாணவரின் சோம்பல் அபூர்வமாகத்தான் காரணம். எலிச் சோதனை இருந்தால் மாநில அதிகாரிகளின் அனுமதி வேண்டும். முழுமையான விண்ணப்பத்துக்கு 40 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. ஆனால் ‘முழுமை’ என்று அவர்கள் ஏற்பதற்குள் கேள்வியும் பதிலுமாக மாதக்கணக்கில் போகும். எலியைத் தொட உங்களுக்கும் தனிப் பயிற்சிச் சான்று வேண்டும். இரண்டு மரபணு மாற்ற எலி வகைகளைக் கலந்து வளர்க்க வேண்டியிருந்தால், முதல் தரவு வர ஓராண்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளின் திசு என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல், அதற்குமேல் மாதிரி சேகரிக்க மருத்துவர்களின் தயவு. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு இப்படியே கரைந்தால் கடைசியில் சம்பளமில்லாமல் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். ஆகவே நேர்காணலில் நேராகக் கேளுங்கள்: விலங்கு அனுமதி ஏற்கெனவே வாங்கியாயிற்றா, எந்தத் தேதி வரை செல்லும்? எலிகள் லேபில் இருக்கின்றனவா? திசு மாதிரி எத்தனை சேர்ந்திருக்கிறது? எலி வேலை நின்றால் செல் கல்ச்சரை வைத்தே ஒரு கட்டுரை எழுத முடிகிற அளவுக்குத் திட்டத்தில் இடமிருக்கிறதா?

இப்படிக் கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள். அங்கே கேட்காதவர்களைத்தான் ஆர்வமில்லாதவர் என்று நினைப்பார்கள். நேர்காணலில் 10, 15 நிமிடம் உங்கள் எம்.எஸ்சி. வேலையை விளக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கண்ட்ரோல் எது, எத்தனை முறை செய்தீர்கள், எந்தப் புள்ளியியல் சோதனை, ஏன் அது என்று தெரிந்திருக்க வேண்டும். கிட் பயன்படுத்தினால் அதற்குள் என்ன வேதியியல் நடக்கிறது என்பதும். முடிந்தபின், அந்த லேபில் இப்போது இருக்கும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரோடு தனியாகப் பேசக் கேளுங்கள். முன்பு முடித்த மூன்று பேருக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று, கடைசி ஆண்டுச் சம்பளம் யார் கொடுத்தார், ஆலோசனைக் குழு நிஜமாகவே ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறதா, முதல் ஆசிரியராகக் கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க விடுகிறார்களா என்பதை அவர் சொல்வார். அவரோடு பேச விடத் தயங்கும் ஆய்வகத்தை விட்டுவிடுங்கள்.

ஜிஆர்இ பெரும்பாலான இடங்களில் கேட்பதில்லை. ஆங்கிலத்துக்கு, ஆங்கிலவழியில் படித்ததாகக் கல்லூரி தரும் கடிதத்தைச் சில திட்டங்கள் ஏற்கும், சில திட்டங்கள் ஐஇஎல்டிஎஸ் கேட்கும். விண்ணப்பிக்கும் திட்டத்தின் பக்கத்தைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். லேபில் ஆங்கிலம் போதும், ஆய்வேட்டையும் ஆங்கிலத்தில் எழுதலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், வரி அலுவலகம் எல்லாம் ஜெர்மனில் வரும். போவதற்குள் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 முடித்துவிட்டால் முதல் ஆண்டு சுலபமாகும்.

இடம் கிடைக்க ஓராண்டு ஆகலாம். அந்த ஓராண்டை வீட்டில் இருந்து மெயில் அனுப்பியே கழிக்காதீர்கள். சென்னை, வேலூர், பெங்களூர் ஆய்வு நிறுவனங்களில் புராஜெக்ட் அசோசியேட் வேலையில் சேருங்கள். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர், ‘ஆர்’ என்ற கணினி மொழியில் தரவுப் பகுப்பாய்வு இவற்றில் ஒன்றையாவது கையில் எடுத்தால் விண்ணப்பத்தின் கனமே மாறும். அந்த லேப் தலைவர் எழுதும் பரிந்துரைக் கடிதம், “இந்த மாணவி வகுப்பில் ஒழுங்காக இருப்பார்” என்ற கல்லூரிக் கடிதத்தைவிடப் பல மடங்கு பேசும்.

கடைசியாக, ஒப்பந்தம் கைக்கு வந்தபின். சம்பள ஒப்பந்தம் இருந்தால் பிளாக்டு அக்கவுன்ட் தேவையில்லை. அந்த ஒப்பந்தமே உங்கள் நிதிச் சான்று. ஆய்வாளர் விசாவுக்கு நிறுவனம் தரும் ஏற்பு ஒப்பந்தம் வேண்டும், அதைப் பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மையத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டச் சான்றிதழ் புரொவிஷனலாக மட்டும் இருந்தால் கான்வகேஷன் சான்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், அதற்காகக் காத்திருந்தே விசா தள்ளிப்போனவர்கள் உண்டு. போய் இறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அந்த எண் சம்பளப் பிரிவுக்குப் போகாவிட்டால் மிக அதிகமான வரிப்பிடித்தத்தில் முதல் சம்பளம் வரும். கூடுதலாகப் பிடித்தது பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த மாதம் கஷ்டம்தான். வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம் என்பது சட்டம். முதல் சம்பளமும் மாதக் கடைசியில்தான் வரும். காகித வேலை தாமதமானால் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். அப்பா பணம் புரட்ட வேண்டும் என்றால் இதற்காகப் புரட்டட்டும்: 3,000 யூரோ கையில் இருந்தால் போதும்.